பெயர் வைக்காத பூனை

எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. ‘வளர்க்கிறோம்’ என்று எழுதாமல் ‘இருக்கிறது’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதை நாங்கள் அழைத்துக்கொண்டு வரவில்லை. மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு மழைநாளில் கொல்லைப்புறச் சுவரேறி வந்தது. விரட்டினோம். மறுநாள் வந்தது. மறுபடியும் விரட்டினோம். பிறகு விரட்டுவதில் எங்களுக்குச் சலிப்பு ஏற்பட்டது. வருவதில் அதற்குச் சலிப்பு ஏற்படவில்லை. இப்போது கூடத்தில் இருக்கிற ஒரே நல்ல நாற்காலி அதனுடையது.

சென்ற மாதம் பார்க்க வந்த நண்பர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரப் போய், அது பார்த்த பார்வையைக் கண்டு, பெஞ்சியில் போய் உட்கார்ந்தார். “எலி பிடிக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “கூப்பிட்டால் வருகிறதா?” வராது. “பாலைத் திருடுகிறதா?” திருடுகிறது. “பின்னே எதற்காக இதன்மேல் இவ்வளவு பிரியம்?” என்றார். ஏதோ பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “அவருக்கென்ன, பிரியம் வைக்கிறார். துடைக்கிறவள் நான்!”

நண்பர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்குள் முள் மாதிரி நின்றுவிட்டது. பூனைகளைப் பற்றி எழுதியவர்களையெல்லாம் அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் படித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. அப்படிப் படித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை.

நம்முடைய இலக்கியத்தில் பூனைக்குப் பஞ்சமில்லை. குறுந்தொகையில் தலைவனோடு இருந்த இரவை முடித்துவைத்த சேவலை ஒரு தலைவி சபிக்கிறாள். காட்டுப்பூனையின் குட்டிக்கு நீ இரையாகப் போக வேண்டும் என்கிறாள். இன்னொரு பாட்டில் முல்லை அரும்பு, பல்லைக் காட்டுகிற காட்டுப்பூனையை ஞாபகப்படுத்துகிறது. பூனையின் பல்லையும் முல்லை அரும்பையும் சேர்த்துப் பார்த்த கண் அசாதாரணமான கண்தான். கம்பன் தன் காவியத்தின் தொடக்கத்தில் தன்னையே பூனை என்கிறான். பாற்கடலை நக்கிக் குடித்து முடித்துவிடலாம் என்று கரையில் நிற்கிற பூனை. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் தவக்கோலம் பூண்டு எலிகளை ஏமாற்றித் தின்கிற பூனை ஒன்று வருகிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்கிற பூனையையும் அதைச் சுற்றி நிற்கிற எலிகளையும் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். தென்கலை வைஷ்ணவர்களுக்கோ பூனைதான் பகவான்: குட்டி ஒரு முயற்சியும் செய்யாமல் இருக்க, தாய் வாயால் கவ்விக்கொண்டு போவதைப் போல இறைவன் நம்மைத் தூக்கிச் செல்கிறான் என்பது அவர்களுடைய சித்தாந்தம். பாரதி தன் ‘முரசு’ப் பாட்டில் பல நிறக் குட்டிகள் போட்ட ஒரு வெள்ளைப் பூனையைக் காட்டி, மனிதரில் நிற பேதம் எதற்கு என்று கேட்டான்.

எல்லாம் உயர்ந்த விஷயங்கள்தாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பனின் பூனை அடக்கம். மாமல்லபுரத்துப் பூனை போலித்தனம். வைஷ்ணவப் பூனை கிருபை. பாரதியின் பூனை சமத்துவம். இவற்றில் எந்தப் பூனையும் யார் வீட்டுப் பாலையும் கொட்டவில்லை. உவமையாக இருக்கிற பூனையால் யாருக்கும் தொல்லை இல்லை. அதனால் அதை நேசிக்க வேண்டிய சிரமமும் யாருக்கும் இல்லை. என் நண்பர் கேட்ட கேள்வி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பூனையைப் பற்றியது. அதற்கு வேறிடத்தில்தான் பதில் தேட வேண்டியிருந்தது.

முதலில் நான் போனது டாக்டர் ஜான்ஸனிடம். 1755-ல் வெளிவந்த ஆங்கில அகராதியைத் தயாரித்த அந்த மாமிச மலைக்கு ஹாட்ஜ் என்று ஒரு பூனை இருந்தது. 1791-ல் பாஸ்வெல் எழுதி வெளியிட்ட ஜான்ஸனின் வாழ்க்கை வரலாற்றில் ஹாட்ஜுக்குச் சில வரிகளே இடம். பாஸ்வெல்லுக்குப் பூனை என்றாலே ஆகாது; அது அறையில் இருந்தால் அவருக்கு உடம்பு கூசும். அப்படிப்பட்டவர் எழுதியிருப்பதால் அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம். ஹாட்ஜ் நல்ல பூனை என்று பாஸ்வெல் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்கிறார். ஆமாம், ஆனால் இதைவிட எனக்குப் பிடித்த பூனைகள் இருந்திருக்கின்றன என்று ஜான்ஸன் உள்ளதைச் சொல்லிவிடுகிறார். சொன்ன மாத்திரத்தில் ஹாட்ஜின் முகம் வாடிவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. உடனே, இருந்தாலும் இது மிகவும் நல்ல பூனை என்று அழுத்தம் கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார். அகராதிக்காரருக்குச் சொல்லின் கனம் தெரியும். ஒரு பூனையிடம்கூடச் சொல்லைத் திருத்திக்கொள்கிறார்.

ஆனால் என்னை நிறுத்திய விஷயம் வேறு. ஹாட்ஜுக்காக ஜான்ஸன் தாமே கடைக்குப் போய்ச் சிப்பிமீன் வாங்கி வருவாராம். அந்தக் காலத்து லண்டனில் சிப்பிமீன் ஏழைகளின் சாப்பாடு, மலிவாகக் கிடைத்தது. பணமல்ல பிரச்னை. வேலைக்காரர்களை அனுப்பலாமே? அனுப்பினால் அந்த அலைச்சலால் அவர்களுக்குப் பூனைமேல் வெறுப்பு வந்துவிடும், அதனால்தான் அவர் தாமே போனார் என்கிறார் பாஸ்வெல். ஜான்ஸனை நன்றாக அறிந்திருந்த இன்னொருவர், பியோட்ஸி சீமாட்டி, 1786-ல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இதே சம்பவத்துக்கு வேறு காரணம் சொல்கிறார். ஜான்ஸனிடம் வேலை பார்த்த பிரான்ஸிஸ் பார்பர் ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்தவர். ஒரு நாலுகால் பிராணியின் சௌகரியத்துக்காகத் தன்னை ஏவுகிறார்களே என்று அவர் மனம் புண்படக்கூடாது என்பதற்காகவே ஜான்ஸன் போனாராம்.

ஒரே செயல், சாட்சிகள் இருவர், காரணங்கள் இரண்டு. ஒருவர் பூனையின் பக்கம் நின்று காரணம் சொல்கிறார், மற்றவர் மனிதனின் பக்கம் நின்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பிரியம் தன்னுடையது, ஆகவே அதன் தொல்லையும் தன்னுடையது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தன் பிரியத்துக்கான செலவை அவர் இன்னொருவர் கணக்கில் எழுதவில்லை. லண்டனில் அவர் அகராதி தயாரித்த வீட்டுக்கு எதிரே 1997-ல் ஹாட்ஜுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அகராதியின் மேல் உட்கார்ந்திருக்கிற பூனை, பக்கத்தில் காலிச் சிப்பி ஓடுகள். சிலையில் இல்லாதது, சிப்பி வாங்கிக்கொண்டு வருகிற அந்தக் கனத்த சரீரம்தான்.

இங்கிருந்து ஜப்பானுக்குப் போகிறேன். பூனையைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட நாவல்களில் மிகவும் பிரசித்தி பெற்றது நாத்சுமே சோசெகியின் ‘நான் ஒரு பூனை’. 1905 ஜனவரியில் ‘ஹொதொதொகிஸு’ என்ற பத்திரிகையில் ஒரே ஒரு கதையாக வெளிவந்தது. வாசகர்களுக்குப் பிடித்துப்போகவே அத்தியாயம் அத்தியாயமாக வளர்ந்து 1906 ஆகஸ்டில் பதினொன்றாவது அத்தியாயத்தோடு முடிந்தது. தலைப்பிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. அதில் ‘நான்’ என்பதற்கு ஆசிரியர் போட்டிருக்கும் ஜப்பானியச் சொல், மிடுக்கோடு தன்னைச் சொல்லிக்கொள்கிற பெரிய மனிதர்களுடைய சொல். நம் தஞ்சைக் கோயில் கல்வெட்டில் ராஜராஜன் ‘நாம்’ என்று பேசுகிறானே, அந்தத் தோரணை. அந்தத் தோரணையில் பேசுவது யாரென்றால், யாரோ தூக்கிப் போட்டுவிட்டுப் போன, பெயர்கூட இல்லாத ஒரு பூனைக்குட்டி.

அந்தக் குட்டி ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் வீட்டுக்குள் நுழைகிறது. வேலைக்காரி தூக்கி எறிகிறாள். மறுபடியும் நுழைகிறது. இப்படி நாலைந்து தடவை. கடைசியில் வீட்டுக்காரர் வந்து, போனால் போகிறது இருக்கட்டும் என்கிறார். பிறகு புத்தாண்டு வருகிறது. சூப்பில் மிச்சமிருந்த அரிசி மாவுப் பண்டத்தைப் பூனை கடிக்கிறது. பசை போல அது பல்லில் ஒட்டிக்கொள்கிறது. முன்னங்கால்களால் அதை எடுக்கப் போய், பின்னங்கால்களில் நின்று கூத்தாடுகிறது. வீடே கூடிச் சிரிக்கிறது. பக்கத்து ரிக்ஷாக்காரன் வீட்டு முரட்டுக் கறுப்புப் பூனை தன் மனக்குறையைச் சொல்கிறது: நான் பிடிக்கிற எலியையெல்லாம் எஜமான் பிடுங்கிக்கொண்டு போய்ப் போலீஸ் சாவடியில் கொடுத்து, எலி ஒன்றுக்கு ஐந்து ஸென் வாங்கிக்கொள்கிறான், எனக்கு ஒரு வாய் நல்ல சோறு உண்டா? பிளேக் நோய்க்குப் பயந்து சர்க்கார் எலிகளை விலைக்கு வாங்கிய காலம் அது. உழைப்பவன் ஒருவன், கூலி வாங்குபவன் ஒருவன் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இந்தப் பகுதிகளெல்லாம் அபாரம். ஆனால் ஒரு குறையையும் நான் சொல்லியாக வேண்டும். நாவல் போகப் போகப் பூனை தேய்ந்துவிடுகிறது. ஆசிரியர் வீட்டுக்கு வருகிற நண்பர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பூனை ஒரு மூலையில் ஒட்டுக்கேட்கிற காதாக மாறிவிடுகிறது. பக்கம் பக்கமாக அதற்குப் பசிப்பதில்லை, அது எதையும் பிறாண்டுவதில்லை, யார் காலிலும் மிதிபடுவதில்லை. கிரேக்க தத்துவத்தையும் சீனக் கவிதையையும் மேற்கோள் காட்டுகிற பூனையை ரஸிக்கலாம். அதைத் துடைத்துக் கழுவ வேண்டியதில்லை. மனிதர்களைக் கேலி செய்ய ஆசிரியர் போட்டுக்கொண்ட முகமூடியாகத்தான் அது மிஞ்சுகிறது. முடிவில், விருந்தாளிகள் மிச்சம் வைத்த பீரைக் குடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, புத்தரின் நாமத்தைச் சொல்லிக்கொண்டே சாகிறது. அந்தச் சாவைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். எனக்கு வருத்தம் வரவில்லை. ஒரு பாத்திரத்தின் மரணத்தைப் படித்து வருத்தம் வரவில்லை என்றால் அங்கே ஏதோ ஒன்று இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லாதது என்ன என்பது, அவரே 1909-ல் எழுதிய ‘பூனையின் கல்லறை’ என்ற சிறிய சித்திரத்தைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் பத்திரிகையில் வந்த அவருடைய சிறு சித்திரங்களில் அது ஒன்று. ஒரு சில பக்கங்கள்தாம். என் அபிப்பிராயத்தில் அந்தப் பெரிய நாவலைவிட அது பெரியது.

இதற்குப் பின்னணியாகக் கொஞ்சம் வரலாறு. நாவலுக்குக் காரணமான பூனை உண்மையாகவே ஒன்று இருந்தது. லண்டனில் இரண்டு வருஷம் தனிமையில் வாடி, நரம்புத் தளர்ச்சியோடு 1903-ல் ஊர் திரும்பிய சோசெகி, டோக்கியோவில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். 1904 கோடையில் எங்கிருந்தோ ஒரு குட்டி வந்தது. அவருடைய மனைவி கியோகோவுக்குப் பூனை பிடிக்காது. தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். அது வந்துகொண்டே இருந்தது. சோற்றுப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு பிடிவாதமாக வருகிறதே, வைத்துக்கொள்ளலாமே என்று கணவர் சொன்னார். அப்புறம் அந்த வீட்டுக்கு வருகிற, உடம்பு பிடித்துவிடுகிற ஒரு கிழவி, இதற்கு நகம் வரைக்கும் கறுப்பு, இது அதிர்ஷ்டப் பூனை என்று சொல்லிவிட்டாள். அன்று முதல் பூனைக்கு மரியாதை கூடியது. இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருப்பவர் கியோகோவேதான். கணவர் இறந்து பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1928-ல் வெளிவந்த நினைவு நூலில். பூனையால் அந்த வீட்டுக்கு அதிர்ஷ்டம் வந்ததும் உண்மை. அதை வைத்து எழுதிய கதைதான் அவரை நாடறிந்த எழுத்தாளராக்கியது. ஆனால் அந்தப் பூனைக்குக் கடைசிவரையில் ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1908 செப்டம்பரில் அது இறந்தது. சோசெகி தம் நண்பர்களுக்கும் சீடர்களுக்கும் மரண அறிவிப்பு அஞ்சலட்டைகள் அனுப்பினார். எஜமான் ‘சான்ஷிரோ’ நாவலை எழுதிக்கொண்டிருப்பதால் இறுதிச் சடங்குக்கு யாரும் வர வேண்டியதில்லை என்று அதில் கிண்டலாக ஒரு குறிப்பு. இது நாவலின் குரல், முகமூடியின் குரல். சில மாதங்கள் கழித்து எழுதிய சித்திரத்தில்தான் முகமூடி கழன்று விழுகிறது.

வீடு மாறிய பிறகு பூனை இளைத்துக்கொண்டே வந்தது என்று அது ஆரம்பிக்கிறது. குழந்தைகள் அதோடு விளையாடுவதை விட்டுவிட்டார்கள். அது கண்ட இடத்தில் வாந்தி எடுக்கிறது. விருந்தாளிகளுக்காக வைத்திருக்கும் நல்ல மெத்தைகளையும் விட்டுவைக்கவில்லை. வயிறு கெட்டிருக்கும், மருந்தைக் கரைத்துக் கொடு என்று கணவர் சொல்கிறார். மனைவி பதில் பேசவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, மருந்து கொடுத்தாயா என்று கேட்கிறார். கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது, மீன் முள்ளைக் கொடுத்தால் வாந்தி எடுக்கிறது என்று மனைவி விவரிக்கிறாள். அப்படியானால் கொடுக்காதே என்று கடுப்பாகச் சொல்லிவிட்டு அவர் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். புத்தகம் படித்துக்கொண்டே பூனைக்கு மருந்து கொடுக்கச் சொல்கிற கணவன். அதன் வாயைத் திறக்க முயன்று தோற்றுப்போன மனைவி. என் வீட்டில்தான் இது நடந்தது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

பூனையின் கண்ணில் ஒளி மங்குகிறது. அந்த மங்கலுக்குள் மின்னல்போல ஏதோ ஓடுகிறது என்று எழுத்தாளனின் கண் பார்க்கிறது. பார்த்துவிட்டு அவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை, விட்டுவிட்டார். அதையும் அவரே எழுதுகிறார். ஓரிரவு குழந்தையின் படுக்கையருகே படுத்திருந்த பூனை உறுமுகிறது. மனைவி தைத்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி குழந்தையைக் கடித்துவைக்கப் போகிறது என்று கணவர் சொல்ல, அப்படியெல்லாம் செய்யாது என்று அவள் தையலைத் தொடர்கிறாள். மறுநாள் முழுக்கக் கணப்பின் ஓரத்தில் முனகிக்கொண்டு கிடக்கிறது. அன்று இரவு இருவரும் அதை மறந்தே போகிறார்கள். காலையில் வேலைக்காரி விறகெடுக்கப் போனபோது, பழைய அடுப்பின் மேல் விறைத்துக் கிடக்கிறது.

அதற்குப் பிறகு வருவதுதான் சித்திரத்தின் உயிர். மனைவி போய்ப் பார்க்கிறாள். திடீரென்று வீட்டில் பரபரப்பு. ரிக்ஷாக்காரனை அனுப்பி ஒரு மரக் கல்லறைப் பலகை வாங்கிவரச் செய்கிறாள். ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கணவரிடம் நீட்டுகிறாள். அவர் முன்பக்கம் ‘பூனையின் கல்லறை’ என்று எழுதுகிறார், பின்பக்கம் ஒரு ஹைக்கூ. எழுத்தாளனின் பங்கு அவ்வளவுதான். குழந்தைகள் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் பூ வைக்கிறார்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு வயதுச் சிறுமி தனியாக வந்து, பலகையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, விளையாட்டுக் கரண்டியால் அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கிறாள். பிறகு ஒவ்வொரு நினைவு நாளிலும் மனைவி ஒரு துண்டு மீனும், மீன் சீவல் தூவிய ஒரு கிண்ணம் சோறும் படைக்கிறாள், இதுவரை மறந்ததில்லை. ஆனால் இப்போதெல்லாம் தோட்டம் வரை போகாமல், அறையில் இருக்கிற அலமாரியின் மேலேயே வைத்துவிடுகிறாள். சித்திரம் முடிகிறது.

உயிரோடு இருந்தபோது கவனிக்காமல் செத்த பிறகு படையல் போடுவது போலித்தனம் என்று சிலர் இதைப் படிப்பார்கள். மாமல்லபுரத்துப் பூனையை எடுத்துக் காட்டுவார்கள். அது மேலெழுந்தவாரியான வாசிப்பு என்றே நான் நினைக்கிறேன். அந்த வீட்டில் பூனையைத் தூக்கி எறிந்தவள் யார்? கியோகோ. மெத்தை நாசமானதைச் சகித்தவள் யார்? வாயைத் திறக்கப் போராடியவள் யார்? முள் கொடுத்தால் வாந்தி எடுக்கிறது என்று கவனித்து வைத்திருந்தவள் யார்? எல்லாம் அவளே. ‘பிரியம்’ என்ற வார்த்தையை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லாமலே, நாளை ஞாபகம் வைத்துக்கொண்டு மீன் வைக்கிறாள். அலமாரியின் மேல் வைத்துவிடுகிறாள் என்ற கடைசி வரியில் லேசான கேலி இருக்கிறது, உண்மைதான். ஆனால் சடங்கு தோட்டத்திலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது என்றும் அதைப் படிக்கலாம் அல்லவா?

சோசெகியின் பெருமை, இதில் தமக்கு நல்ல பங்கு எதையும் அவர் எழுதிக்கொள்ளவில்லை என்பது. பூனையால் புகழ் பெற்றவர் அவர். பூனைக்குச் செய்ததெல்லாம் மற்றவர்கள். இந்தக் கணக்கை அவர் ஒரு அங்கலாய்ப்பும் இல்லாமல், தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலும் தப்பவிடாமலும், நடந்தது இதுதான் என்று வைத்துவிடுகிறார். அவருடைய பிள்ளைப் பிராயத்தை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் கனக்கிறது. வயதான பெற்றோருக்கு வேண்டாத கடைக்குட்டியாக 1867-ல் பிறந்து, பழைய சாமான் விற்கிற தம்பதியிடம் வளரக் கொடுக்கப்பட்டவர் அவர். இரவுக் கடையில் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு கூடையில் கிடந்த குழந்தையைப் பார்த்து, மனம் கேட்காமல் அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு வேறொரு குடும்பத்துக்குச் சுவீகாரம். ஒன்பது வயது வாக்கில் மறுபடியும் பிறந்த வீடு. தூக்கிப் போட்டாலும் திரும்பத் திரும்ப வருகிற குட்டியைப் பார்த்து, இருக்கட்டுமே என்று சொன்ன வாய் அந்தக் கூடையை மறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அது என் ஊகம். அவர் அப்படி எங்கும் இழுத்துக் கட்டவில்லை. கட்டியிருந்தால் அந்தப் பூனையும் உவமையாகியிருக்கும்.

தொல்லை கொடுத்தும் பூனையை ஏன் நேசிக்கிறோம் என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் ஒரு கதை சொல்கிறார்கள். சுமார் பத்தாயிரம் வருஷங்களுக்கு முன் மேற்காசியாவில் மனிதன் தானியம் சேர்த்து வைத்தான். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. நாயை நாம் பழக்கினோம், பூனை தானாகவே வந்தது என்கிறார்கள். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து 2004-ல் அறிவித்தார்கள். எலிக்காக வந்த பிராணிக்குத் தனிக் குழி தோண்டுவானேன்? எலிக் கணக்கு அந்தப் பழங்காலத்திலேயே தீர்ந்துபோய், வேறு ஏதோ கணக்கு ஆரம்பித்திருக்கிறது.

அந்த வேறு கணக்கு என்னவென்றுதான் மேலே சொன்ன இருவரும் எனக்குக் கொஞ்சம் காட்டினார்கள். ‘தொல்லை கொடுத்தும் நேசிக்கிறோம்’ என்பதில் ‘கொடுத்தும்’ என்ற சொல்லே தவறு என்று தோன்றுகிறது. தொல்லை ஒரு பக்கம், நேசம் ஒரு பக்கம் என்று தராசில் வைத்து, நேசம் கனமாக இருந்ததால் பூனை பிழைத்தது என்பதல்ல. தொல்லையை யார் தாங்குகிறாரோ, அவர் கையில்தான் நேசம் இருக்கிறது. ஜான்ஸன் அதைத் தெரிந்து கடைக்கு நடந்தார். கியோகோ அதைத் தெரியாமலே மீன் வைத்தார். ரஸிப்பவனுக்குப் பூனை எழில், அதனால் எழுதுகிறான். துடைப்பவளுக்கு அது வாந்தி, ரோமம், பிடிவாதம், வாயைத் திறக்க மறுக்கிற பல். ஒரு பிராணியை இவ்வளவு விவரமாகத் தெரிந்துகொண்ட பிறகு அதை வெறுமனே வெறுத்துக்கொண்டிருக்க மனித சுபாவத்தால் முடிவதில்லை. திட்டிக்கொண்டே செய்கிறாள், திட்டு வாயில் இருக்கிறது, நேசம் கையில் இருக்கிறது.

சென்ற ஆவணியில் எங்கள் பூனை மூன்று நாள் காணாமல் போயிற்று. நான் மிகவும் வருத்தப்பட்டேன். எவ்வளவு வருத்தமென்றால், அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது கொல்லைக் கதவு சற்றுத் திறந்திருந்தது. வாசற்படியில் ஒரு தட்டில் பிசைந்த தயிர்சாதம் இருந்தது. காலையில், “சனியன் ஒழிந்தது என்று இருந்தேன், மறுபடியும் வந்துவிட்டது பாருங்கள்” என்று என் மனைவி சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

ஜான்ஸனைப் படித்த பிறகு, பூனை அசுத்தம் செய்தால் துணியை எடுத்து நானே துடைக்கிறேன். துடைத்த இடத்தை என் மனைவி மறுபடியும் ஒரு தடவை துடைக்கிறாள்.

“உங்களுக்குத் துடைக்கத் தெரியவில்லை” என்கிறாள்.

கற்றுக்கொண்டு வருகிறேன்.